அனாமத்தில் கிடந்த மூன்று தவணை

பழைய வாடகை வீட்டுக்காரம்மா போன் செய்தபோது நான் எரிவாயு மானியம் சம்பந்தமான ஏதோ கடிதம் என்றுதான் நினைத்தேன். "தம்பி, உங்க பேருக்கு ஒரு பழுப்புக் கவர் வந்து கேட்டுக்குள்ள கிடந்துச்சு. அரசாங்க முத்திரை போட்டிருக்கு. பிரிக்கட்டுமா?" என்றார். பிரித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். எனக்கு ஒதுக்கிய வீட்டுமனை ரத்து. காரணம், தவணை நிலுவை. கட்டிய பணத்தில் விதிப்படி பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தருவார்களாம், வங்கிக் கணக்கு விவரத்தை அனுப்பி வைக்க வேண்டுமாம்.

அது 2021 நவம்பர் 24. ஆணையில் இருந்த தேதி நவம்பர் 11.

அலுவலகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அரசு சார்ந்த ஒரு வாரியம், மனைப்பிரிவு போட்டுக் குலுக்கலில் ஒதுக்குகிறவர்கள் என்பது போதும். 2016-ல் எனக்குக் குலுக்கலில் மனை விழுந்தது. விலை 9,60,000 ரூபாய். 2,40,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினேன். மீதிக்கு வட்டியோடு 24 காலாண்டுத் தவணை, ஒவ்வொன்றும் 41,380 ரூபாய். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் 10-ம் தேதி கெடு. ரத்து ஆணை வந்த அன்று என் கணக்குப்படி கெடு வந்த 20 தவணையையும் கட்டி முடித்திருந்தேன். நான்குதான் பாக்கி.

மூன்று தவணையைத் தாமதமாகக் கட்டினேன் என்பது உண்மை. அதை மறைக்கவில்லை. 2020 ஏப்ரல், ஜூலை, அக்டோபர். ஊரடங்கில் சம்பளம் பாதியானது. அந்த ஆண்டு மார்ச் 27-ம் தேதி ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன், மனைத் தவணைக்கும் அதுதான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அது வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுத்த கடனுக்கான சலுகை. வாரியம் எனக்குக் கடன் கொடுக்கவில்லை, மனையைத் தவணைக்கு விற்றது. அந்த வித்தியாசத்தை யோசிக்கும் நிலையில் அன்று நான் இல்லை. ஒரு கடிதம் எழுதி அவகாசம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. எழுதவில்லை.

வேலை பழைய நிலைக்கு வந்ததும் 2021 ஜனவரி 18-ல் மூன்று தவணையையும் சேர்த்து 1,24,140 ரூபாயை நெஃப்ட்டில் அனுப்பினேன். அதற்கு முன்பெல்லாம் வங்கிக்குப் போய்ச் செலான் எழுதித்தான் கட்டுவேன். செலானில் ஒதுக்கீட்டு எண், மனை எண், எத்தனையாவது தவணை என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். கொரோனா பயத்தில் இந்த ஒரு தடவை மட்டும் வீட்டிலிருந்தே அனுப்பினேன். குறிப்பு எழுதும் இடத்தில் என் பெயரைப் போட்டேன். வெறும் பெயர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ரத்து ஆணையை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். பிரிவு எழுத்தர் நல்ல மனிதர்தான். கணினியைப் பார்த்துவிட்டு, "சார், சிஸ்டத்துல உங்க அக்கவுன்ட் க்ளோஸ் ஆயிடுச்சு. ரீஃபண்டுக்கு எழுதிக் கொடுத்தீங்கன்னா ரெண்டு மாசத்துல வாங்கித் தரேன்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். வங்கிக் கணக்கு எண், கையொப்பம், பாஸ்புக் நகல். அவ்வளவுதான் கேட்டது. அலைச்சல் இல்லாமல் பணமாவது வரட்டும் என்று பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். ஏதோ உறுத்தல், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

எங்கள் தெருவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். வேறு துறை, ஆனால் கோப்போடு 34 வருஷம் குடும்பம் நடத்தியவர். படிவத்தைப் பார்த்ததும், "இதுல கையெழுத்துப் போட்டா ரத்தை ஒத்துக்கிட்டதா ஆயிடும் தம்பி. அப்புறம் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் முதல்ல இதைத்தான் எடுத்து நீட்டுவாங்க" என்றார். அடுத்து சொன்னதுதான் முக்கியம். "கோப்பைப் பார்க்காம யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. ரத்து பண்ணணும்னா அதுக்கு முன்னாடி விளக்கம் கேட்டிருக்கணும். கேட்டாங்களா?"

எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. ஆனால் ரத்து ஆணையில் முந்தைய கடிதங்களைப் பட்டியலிடும் 'பார்வை' பகுதியில் 2021 ஜூன் தேதியிட்ட ஓர் அறிவிப்பு குறிப்பிடப்பட்டிருந்தது.

நவம்பர் 29-ம் தேதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியது. முதலில் நான் எழுதி வைத்திருந்தது ஒரு முழுப் பக்கப் புலம்பல்: ஏன் ரத்து செய்தீர்கள், இது நியாயமா என்றெல்லாம். பெரியவர் அதை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். 'ஏன்' என்று கேட்டால், 'கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்களாம். இருக்கிற ஆவணத்தைக் கேட்க வேண்டும். கடைசியில் நான்கே வரி. என் ஒதுக்கீட்டுக் கணக்கின் பேரேட்டு நகல், அறிவிப்பை அனுப்பிய தபால் பதிவேட்டின் அந்தத் தேதிப் பக்கம், அலுவலகத்துக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புக் கோப்பின் நகல், முழுக் கோப்பையும் நேரில் பார்வையிட அனுமதி. சட்டத்தில் 30 நாள் கெடு. 24-வது நாள் பதில் வந்தது. ஜனவரி 3, திங்கள்கிழமை 11 மணிக்கு வந்து பார்க்கலாம்.

பார்வையிடுவதற்கு முதல் ஒரு மணி நேரம் கட்டணம் கிடையாது. எனக்கு 40 நிமிடம் போதுமானதாக இருந்தது.

சணல் நாடா கட்டிய கோப்பு. பக்க எண் சிவப்பு மையில். 63-ம் பக்கத்தில் அந்த அறிவிப்புக் கவர் பிரிக்கப்படாமலே கோக்கப்பட்டிருந்தது. பதிவுத் தபால், பின்னால் ஒப்புகை அட்டை ஒட்டியபடியே. முகவரி நான் 2018 தொடக்கத்தில் காலி செய்துவிட்டு வந்த வாடகை வீடு. குறுக்கே தபால்காரர் நீல மையில் எழுதியிருந்தார்: 'குடிபெயர்ந்துவிட்டார், அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது.' கீழே சுருக்கொப்பம். எனக்கான கடிதத்தை அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன், அதையும் பிரிக்க எனக்கு உரிமை இல்லை.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். 41-ம் பக்கம். என் கையெழுத்து. 2018 மார்ச்சில் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்த முகவரி மாற்றக் கடிதம். அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இருக்கிறது. குறிப்புக் கோப்பில், 'முகவரி மாற்றத்தைப் பதிவு செய்யலாம், உத்தரவுக்கு' என்று எழுத்தர் எழுதியிருக்கிறார். கீழே 'ஆம்' என்று மேலதிகாரி கையொப்பமிட்டிருக்கிறார். எல்லாம் நடந்திருக்கிறது, கணினியில் ஏற்றுவதைத் தவிர. ஒரே கோப்பு, 22 பக்க இடைவெளி. ரத்துக்கு எழுதி வைத்தவர் கோப்பை முன்பக்கமாக ஒரு தடவை புரட்டியிருந்தால் போதும்.

பேரேடு இன்னொரு கதை. என் பெயரில் அந்த 1,24,140 ரூபாய் வரவே வைக்கப்படவில்லை. பணம் வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியாததால் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டார்கள். ஒரே பெயரில் எத்தனை ஒதுக்கீடுதாரர்கள் இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பேரேட்டைப் பொறுத்தவரை 2020-ன் மூன்று தவணையும் அப்படியே பாக்கி. அதற்கு மேல் அபராத வட்டி ஏறிக்கொண்டே போகிறது. 2021-ல் நான் ஒழுங்காகக் கட்டிய ஒவ்வொரு தவணையையும் முதலில் அபராத வட்டிக்கு, பிறகு பழைய பாக்கிக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஓடிக்கொண்டே இருந்தேன், பேரேட்டில் ஓர் அடிகூட நகரவில்லை. தொடர்ந்து மூன்று தவணை நிலுவை என்றால் ரத்து செய்யலாம் என்று ஒதுக்கீட்டு ஆணையிலேயே நிபந்தனை இருக்கிறது. பேரேட்டை மட்டும் பார்ப்பவருக்கு நான் நிஜமாகவே ஏமாற்றுப் பேர்வழிதான்.

வக்கீலிடம் போனது இதற்குப் பிறகுதான். கையில் நகல்களோடு போனதால் ஒரே அமர்வில் வேலை முடிந்தது. மூன்று வழி சொன்னார். வாரியத்தின் தலைமைக்கு மேல்முறையீடு, நுகர்வோர் ஆணையம், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வீட்டு வசதி, மனை ஒதுக்கும் அரசு அமைப்புகளும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்த்துவிட்டது. அங்கே புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. "ஆனா மேல்முறையீடு இருக்கும்போது அதைத் தாண்டிப் போனா, முதல்ல அங்க போனீங்களான்னு கேப்பாங்க. நாள் வேற ஓடுது" என்றார். ஆணையின் கடைசி வரியில் மேல்முறையீட்டுக்கு 60 நாள் கெடு இருந்தது. ஆணை நம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்றேன். அந்த வாதத்துக்கே இடம் வைக்க வேண்டாம் என்று ஆணைத் தேதியிலிருந்து எண்ணி ஜனவரி 6-ல் தாக்கல் செய்யவைத்தார்.

அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. ரத்தான மனையை அடுத்த குலுக்கலில் சேர்த்து இன்னொருவருக்கு ஒதுக்கிவிட்டால், அதன் பிறகு நம் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மூன்றாவது ஆளின் உரிமை குறுக்கே வந்துவிடும். அதனால் மேல்முறையீட்டோடு, முடிவு வரும்வரை அந்த மனையை யாருக்கும் ஒதுக்கக் கூடாது என்று தனி மனு. அதன் நகலை மாவட்ட அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்கச் சொன்னார். முத்திரை வாங்கும்போது தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று இப்போதெல்லாம் நான் இரண்டு தடவை பார்க்கிறேன்.

இன்னொன்றும் செய்யச் சொன்னார். ஜனவரி தவணை 10-ம் தேதி கெடு. கணக்கு மூடியிருப்பதால் செலானில் கட்ட முடியாது. 41,380 ரூபாய்க்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, இன்ன ஒதுக்கீட்டு எண்ணின் 21-வது தவணை என்று கடிதம் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'ஒதுக்கீடு ரத்தானதால் ஏற்க இயலாது' என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்கு வருத்தம், வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். பணத்தோடு தயாராக நிற்பவனை நாங்கள்தான் திருப்பி அனுப்பினோம் என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தது அல்லவா அது.

விசாரணை மார்ச்சில். காலை 10 மணிக்கு வரச்சொல்லி மாலை 4 மணிக்குக் கூப்பிட்டார்கள். பேசியது ஏழெட்டு நிமிடம் இருக்கும். அறிவிப்பு முறைப்படி அனுப்பப்பட்டது என்றார் வாரியத் தரப்பு அலுவலர். பதிவுத் தபாலில் அனுப்பினாலே சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று 1897-ம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்தில் பிரிவு 27 இருப்பது உண்மைதான். ஆனால் சரியான முகவரியிட்டு அனுப்பியிருந்தால்தான் அது பொருந்தும். வக்கீல் சட்டம் எதுவும் பேசவில்லை. 41-ம் பக்கத்தையும் 63-ம் பக்கத்தையும் அருகருகே வைத்தார். விசாரித்த அதிகாரி இரண்டையும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம், "நெஃப்ட் பண்ணும்போது நம்பர் போட மாட்டீங்களா?" என்றார். போட்டிருக்க வேண்டும் சார் என்றேன். அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யூடிஆர் எண்ணோடு வங்கிச் சான்றைக் கொடுத்தேன்.

மே மாதம் உத்தரவு வந்தது. ரத்து நீக்கம். அனாமத்துத் தொகையை என் கணக்குக்கு மாற்ற வேண்டும், அபராத வட்டியை விதிப்படி மறுகணக்கிட வேண்டும், பாக்கியைக் கேட்டு வாரியம் அனுப்பும் கேட்புக் கடிதம் வந்த 30 நாளுக்குள் நான் நிலுவை முழுவதையும் கட்ட வேண்டும்.

மூன்று தவணைக்கும் 2021 ஜனவரி 18 வரை ஆன அபராத வட்டியைக் கேட்டார்கள், மறுபேச்சில்லாமல் கட்டினேன். அது என் தப்புக்கான விலை. ஆனால் கேட்புக் கடிதத்தில், பணம் அனாமத்திலிருந்து என் கணக்குக்கு மாறிய 2022 ஜூன் வரைக்கும் வட்டி போட்டிருந்தார்கள். பணம் பதினேழு மாதம் அவர்களிடமே இருந்திருக்கிறது, அதற்கும் நானே அபராதம் கட்ட வேண்டுமாம். 30 நாள் கெடு கழுத்தில் தொங்கியதால், 'ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்' என்று கடிதம் வைத்து அதையும் கட்டினேன். பணம் கட்டுகிறவர் எதற்காக என்று சொல்லிக் கட்டினால், வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டால் அதற்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கட்டினால் அது வாங்குகிறவர் இஷ்டம் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம், பிரிவு 59, 60. வக்கீல் காட்டினார். நூற்றைம்பது வருஷமாக அந்தப் பிரிவு அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் ஒரு எண்ணைப் போடச் சோம்பல்பட்டேன்.

மீதித் தவணைகளை வங்கிக்கே போய்ச் செலானில் கட்டினேன். ஒவ்வொரு ரசீதின் நகலையும் தனிக் கடிதத்தோடு அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். எழுத்தர் முதலில் சிரித்தார், மூன்றாவது தடவை நான் கேட்காமலே முத்திரை வைத்தார். 2023 பிப்ரவரியில் கிரையப் பத்திரம் பதிவானது.

கூடுதலாக வாங்கிய அந்தப் பதினேழு மாத வட்டியைத் திரும்பக் கேட்டு ஒரு மனு போட்டிருக்கிறேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இந்தத் தடவை புது முகவரிக்கே வந்தது.