பத்து டொலர்த் தாளும் ஒரு சதமும்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடை. எனக்கு முன்னால் நின்ற அண்ணை, மிச்சமாக வந்த பத்து டொலர்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, நட்டுக்கு நிக்குது? ஆர் இந்தக் கறுவல் மனுசி?" கல்லாவில் இருந்த தம்பி சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. அண்ணையின் நிறமும் என் நிறமும் பூனகரிப் பானைக்கரிதான்.

அந்த மனுசி வயோலா டெஸ்மண்ட். ஹலிஃபாக்ஸில் அழகுக்கலைப் பள்ளி நடத்தியவ. 1946 நவம்பரில் பயணத்தில் கார் பழுதாகி, நியூ கிளாஸ்கோவில் படம் பார்க்கப் போனா. கிட்டப்பார்வை என்பதால் கீழே போய் இருந்தா. கறுப்பருக்குப் பல்கனிதான் என்றார்கள். கூடுதல் காசைத் தாறன் என்றும் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போய் இரவு முழுக்க மறியலில் வைத்தார்கள். வழக்கில் நிறத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கீழ் ரிக்கெற்றுக்கு வரி மூன்று சதம், மேலுக்கு இரண்டு. அந்த ஒரு சதத்தை அரசுக்கு ஏய்த்தாவாம்! தண்டமும் செலவுமாக 26 டொலர்.

ஒரு சதம்! எனக்கு இது இன்னும் செமிக்கவில்லை. 1965இல் அவ செத்துப்போனா, 2010இல் மன்னிப்பு வந்தது. 2013இல் சதக் குற்றியையே நிறுத்தினார்கள். 2018இல், கனடாவின் முதல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் இருந்த பத்து டொலரில் அவவின் முகம். அரச குடும்பம் தவிர, கனடியப் பெண் ஒருத்தி தனியே தாளின் முகப்பில் வந்தது அதுதான் முதல் தடவை.

எங்கடை ஊரில் பல்கனி காசுக்காரருக்கு. யாழ்ப்பாணம் ராஜா தியேட்டரில் கலரிக்கு நெரிபட்டு, கழுத்து நோகப் பார்த்த படங்கள்! காசு மட்டும்தான் ஆளைப் பிரித்தது என்று சொல்லவும் வாய் வராது. மாவிட்டபுரம் கோயிலுக்குள் விடச் சொல்லி, ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் வாசலில் நின்றது 1968இல். வயோலாவுக்கு 22 வருசம் பிந்தி. அந்தச் சனத்தில் ஒருவரும் எங்கள் இலங்கைத் தாளில் இல்லை. அதில் நடனக்காரரும் பறவையும் வண்ணத்துப்பூச்சியும்தான். ஆருக்கும் நோகாது, பாருங்கோ.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது, பனிக்குக்கூட இப்போது முகம் சுளிப்பதில்லை. ஆனால் இந்த ஊதாத் தாள் கைக்கு வந்தால் தியேட்டர் வாசல் கச்சான் மணக்கிறது.

நியூ ஜெர்சி மச்சானிடம் பெருமையடித்தேன். "எங்களுக்கும் ஹரியட் டப்மன் வாறா" என்றான். அடிமையாய் இருந்து தப்பி, மற்ற அடிமைகளையும் மீட்டவ. அறிவித்தது 2016இல். இருபது டொலரில் இன்னும் இருப்பது, அடிமைகளை வைத்திருந்த ஜனாதிபதி அன்ட்ரூ ஜாக்சன்தான்.

"வந்த உடனே ஒண்டு அனுப்பு."

"வட்டியோடை அனுப்பிறன்" என்றான்.