தெப்பக்குளத்துச் சுவரில் அரை மணி நேரம்

நேற்று சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுவரில் உட்கார்ந்தேன். மகளின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் முழங்கால் ஆபரேஷன், வீட்டுக்கடன் தவணை. மூன்று நாளாக மண்டைக்குள் இதே கணக்குதான். ராத்திரி 2 மணிக்கும் ஓடுகிறது.

17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். அவருடைய அரண்மனையான மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்பார்கள். என் சின்ன வயதில் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும். உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவோம். அப்பா இதே சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தைமாதத் தெப்பத்துக்குத் தண்ணீர் விட்டால் எங்களுக்கு ஒரே வருத்தம். இப்போது வைகைத் தண்ணீர் நிறைந்து, மைய மண்டபம் அதில் அசைந்துகொண்டிருக்கிறது. அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும்.

பருத்திப்பால் வாங்கினேன். டம்ளர் விரலைச் சுட்டது. துண்டில் பிடித்து ஊதி ஊதிக் குடித்தேன். சுக்குக் காரம் தொண்டையில் இறங்க, தேங்காய்த் துருவல் பல்லில் நின்றது. காலியாகும்வரை வேறெதுவும் நினைவில் இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு பொருளின் ருசி எனக்கு முழுசாகத் தெரிந்தது.

தவணை தேதி மாறப்போவதில்லை, சரி. அந்தக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டில் எழுதிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் ஒரு பார்சல் வாங்கிப் போனேன்.

"இன்னும் சூடா இருக்குடா" என்றார். குடித்து முடிக்கும்வரை போனை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.