உடையாத காலுக்கு ஒரு எக்ஸ்ரே

"அக்கா, இதனால எனக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"நீங்க சொல்றது உண்மைதானே தம்பி? அப்புறம் எதுக்குப் பயம்?"

இவ்வளவுதான் பேச்சு. அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வழக்கும் எங்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனாலும் அந்த இரண்டு வரி மட்டும் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது வரும். வேறு யாருக்கோ பத்திரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வரும். கேட்டவர் நான் வேலை செய்யும் வழக்கறிஞர் அலுவலகத்தின் கட்சிக்காரர் இல்லை, சாட்சி. அதுதான் சிக்கலே.

கட்சிக்காரர் கட்டுமானத் தொழிலாளி. ஒரு ஞாயிறு மாலை, மழை பெய்துகொண்டிருந்ததால் அறைத்தோழரின் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு டார்மிட்டரியிலிருந்து, அதாவது தொழிலாளர் விடுதியிலிருந்து, கடைக்குக் கிளம்பியிருக்கிறார். சாலையைக் கடக்கும்போது கார் மோதியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது, தலையிலும் அடி, நினைவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் யார் இவர் என்று பார்க்க ஜாக்கெட் பையில் கை விட்டார்கள். அதில் அறைத்தோழரின் வேலை அனுமதி அட்டை இருந்தது. அட்டையில் தாடி வைத்த ஓர் இளைஞர் படம். படுத்திருந்தவரும் தாடி வைத்த இளைஞர்தான், முகம் முழுக்க வீக்கம். அந்த நேரத்தில் யாரைக் குறை சொல்வது? அட்டையில் இருந்த பெயரும் எண்ணும் ஆம்புலன்ஸ் குறிப்பில் ஏறின, அவசரப் பிரிவில் ஏறின, போலிஸ் ஆவணத்திலும் ஏறின.

மறுநாள் நினைவு வந்து வார்டில் பெயர் சொன்ன பிறகுதான் சரியான பெயரில் வேறு பதிவு திறந்தார்கள். அறுவைச் சிகிச்சை, தகடு, திருகாணி, பிசியோதெரபி எல்லாம் சரியான பெயரில். முதல் இரவு மட்டும் இன்னொருவர் பெயரில் அப்படியே நின்றுவிட்டது.

காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார்கள். சாலையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் வேறொருவர், உங்கள் கட்சிக்காரர்தான் அந்தக் காரில் அடிபட்டவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கார் ஓட்டியவர்மீது தவறு என்பதில் பெரிய தகராறு இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. கோபம் வந்தது உண்மைதான். ஆனால் கேள்வி அநியாயமானது இல்லை. காரில் ஏறவே ஏறாதவர்களைப் பயணிகள் என்று காட்டி இழப்பீடு கேட்ட மோசடிகள் இங்கே நீதிமன்றம் வரைக்கும் வந்திருக்கின்றன. பணம் கொடுப்பவர் யாருக்குக் கொடுக்கிறோம் என்று கேட்கத்தான் செய்வார். நிரூபிக்கும் பொறுப்பு வழக்குப் போட்டவருடையது.

பெயர்க் குழப்பம் எங்களுக்குப் புதிதில்லை. நம் ஊர்க்காரர்களின் கோப்பு எதை எடுத்தாலும் அது இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், பெர்மிட்டில் பின்னால், மருத்துவச் சான்றிதழில் அப்பா பெயர் மட்டும். கடிதம் முழுக்க அப்பாவுக்கே கால் முறிந்ததுபோல எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் அதன் எண்ணும் மாறிவிடும். அதற்கெல்லாம் ஃபின் எண்ணை, அதாவது வெளிநாட்டவருக்கான அடையாள எண்ணை, காட்டினால் போதும், வாயை மூடிக்கொள்வார்கள்.

இங்கே அந்த ஃபின் எண்ணே எதிரியாக வந்து நின்றது. எண்ணைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுதான் எங்கள் வழக்கறிஞர் முதலில் யோசித்தார். ஒரு எழுத்து, ஏழு இலக்கம், கடைசியில் இன்னோர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்து சும்மா வருவதில்லை, முன்னால் இருக்கும் இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஓர் இலக்கம் பிசகினால் எழுத்து பொருந்தாது. முதல் இரவுப் பதிவில் எழுத்து கச்சிதமாகப் பொருந்தியது. அதாவது அது பிழையான எண் இல்லை, உயிரோடு நடமாடும் இன்னொரு மனிதரின் சரியான எண்.

அந்த மனிதர் இல்லாமல் இனி ஓர் அடி நகர முடியாது. அவசரப் பிரிவுப் பதிவு அவர் பெயரில் இருப்பதால் அவர் சம்மதக் கையெழுத்து இல்லாமல் மருத்துவமனை அதை வெளியே தராது. அடிபட்டவர் தன் காயத்தின் முதல் காகிதத்தைத் தானே கேட்டு வாங்க முடியாத நிலை. கம்பெனியிடம் கேட்டோம். மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் கொடுத்தது அவர்கள்தான், முதல் இரவுக் கட்டணத்தை ஓர் ஊழியர் பெயரிலிருந்து இன்னோர் ஊழியர் பெயருக்கு மாற்றச் சொன்னதும் அவர்கள்தான். ஒரு பக்கக் கடிதம் போதும், பாதி வேலை முடிந்துவிடும். வேலை நேரத்தில் நடந்த விபத்து இல்லை, இதில் நாங்கள் தலையிட விரும்பவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. இழப்பீடு கொடுக்க வேண்டியது கார்க்காரரின் காப்புறுதி, கம்பெனிக்கு ஒரு காசு செலவில்லை. இருந்தும் ஒதுங்கிக்கொண்டார்கள். இந்த மின்னஞ்சலை நான் படித்திருந்தேன் என்பதைப் பின்னால் வருவதற்காக இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அப்படித்தான் அறைத்தோழரை அழைத்தோம். மூன்று காரியம் அவரால் ஆக வேண்டும். பதிவை வாங்கச் சம்மதம். அன்று நடந்தது என்ன என்று ஒரு பிரமாணப் பத்திரம். மூன்றாவது எங்கள் வழக்கறிஞரின் யோசனை. அந்த இரவு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் இருப்பது முறிந்த எலும்பு. எலும்பு ஒரு தடவை முறிந்து கூடினால் அடையாளம் எளிதில் போகாது. அறைத்தோழரின் கால் எலும்பை இப்போது படம் எடுத்துக் காட்டினால், அந்த இரவு அவர் பெயரில் படுத்திருந்தவர் அவர் இல்லை என்பது நிச்சயம்.

"ஒடையாத காலுக்கு எதுக்குக்கா படம்?" என்று கேட்டார். விளக்கினேன். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, ரெண்டு காலையும் காட்டி, "பாருங்க, தழும்புகூடக் கெடையாது" என்றார். கணுக்காலுக்கு மேலே பூட்ஸ் அழுத்திய வட்டம் கறுப்பாக இருந்தது, வேறொன்றும் இல்லை. கண்ணால் பார்த்தது போதாது தம்பி, டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றேன். கிளினிக்குக்குப் போனார். செலவு எங்களுடையது. முறிவு இல்லை, முறிந்து கூடிய அடையாளமும் இல்லை என்று அறிக்கை வந்தது.

பத்திரம் ஆங்கிலத்தில். அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னது நான். இப்படிப்பட்ட பத்திரத்தின் அடியில் மொழிபெயர்த்துச் சொன்னவரின் பெயரும் வரும்: இன்னார் இதை உள்ளபடி விளக்கினார், கையெழுத்திட்டவர் புரிந்துகொண்டார் என்று. ஜாக்கெட் என்னுடையது. அட்டை அதன் பையில் இருந்தது எனக்கு நினைவில்லை. அட்டையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. விபத்து நடந்தபோது நான் அறையில் இருந்தேன். வாசித்து முடிக்க, பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. நான் வழக்கறிஞர் இல்லை, சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. வழக்கறிஞரே பக்கத்தில் இருந்திருந்தாலும் அவர் கட்சிக்காரரின் வழக்கறிஞர். ஒரே நேரத்தில் சாட்சிக்கும் புத்தி சொல்ல முடியாது. ஏதாவது ஆகலாம் என்றும் சொல்ல முடியாது. உண்மை பேச வந்தவரை நானே பயமுறுத்தி அனுப்பினால், ஒரு வருடமாக ஊன்றுகோலோடு நடந்தவருக்கு என்ன பதில் சொல்வது? அதனால்தான் கேள்விக்குக் கேள்வியாக ஒன்றைச் சொல்லிக் கடந்தேன். அதில் பொய் ஒரு சொல் கிடையாது.

சட்டப்படி பார்த்தாலும் அவர் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. வேலை அனுமதி அட்டையை இன்னொருவர் பயன்படுத்தக் கொடுப்பதுதான் குற்றம். ஜாக்கெட் பையில் மறந்து வைப்பது கொடுப்பது ஆகாது. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது மனம் கொஞ்சம் ஆறும்.

ஆனால் அவர் கேட்டது சட்டத்தைப் பற்றித்தானா? கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒருவர் "எனக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல" என்று கேட்டால், அதில் போலிஸும் இருக்கும், மனிதவள அமைச்சும் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பெனி இருக்கும். கம்பெனி இந்த விஷயத்தில் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்த மின்னஞ்சல் கோப்பில் இருப்பது, கட்சிக்காரரின் வழக்குக்குச் சொந்தமானது, சாட்சிக்குக் காட்டும் காகிதம் இல்லை. இதுவும் சரியான காரணம்தான். பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் அவர் புரிந்துகொண்டார் என்று கையெழுத்திட்டேன், அதுவும் உண்மை. அவர் புரிந்துகொள்ள விரும்பிய ஒன்று பத்திரத்தில் இல்லை.

காப்புறுதித் தரப்பு பத்திரத்தையும் எக்ஸ்ரேயையும் பார்த்த பிறகு அடையாளக் கேள்வியைக் கைவிட்டது. விசாரணைக்கு ஹேவ்லாக் சதுக்க நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே பேசி முடித்தார்கள். கட்சிக்காரர் அழுதார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் கட்சிக்காரர் பிறகு சொல்லித் தெரிந்தது. எக்ஸ்ரேக்கும் கையெழுத்துக்கும் அறைத்தோழர் வேலை நாளில் விடுப்பு எடுத்ததால் சூப்பர்வைசர் எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். கிளினிக், வயிற்றுவலி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். "வக்கீல் ஆபீஸுக்கு, சாட்சி சொல்ல. உண்மையத்தான சொல்றேன், எனக்கென்ன பயம்?" என்று இவர் சொன்னாராம். சில மாதம் கழித்துப் பெர்மிட் முடிந்தபோது கம்பெனி புதுப்பிக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார்.

என் வாயிலிருந்து வந்த சொற்கள் அவை. அல்லது அவர் இயல்பாகவே அப்படிப் பேசுகிறவராக இருக்கலாம். தமிழில் யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதானே. அந்த நேரத்தில் ப்ராஜெக்ட் முடிந்து வேறு பலரையும் அனுப்பியிருக்கிறார்கள், இவர் பெயர் எப்படியும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கும் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார். புதுப்பிக்காததற்குக் காரணம் சொல்லும்படி முதலாளியைக் கேட்க முடியாது. கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள்வரை இருக்கும்போது, இருக்கும் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாற வழி இருக்கிறது. இது அவருக்குத் தெரிந்திருந்ததா? யாராவது சொன்னார்களா? எனக்குத் தெரியும். நான் சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை. அவர் அலைபேசி எண் என்னிடம் இருந்தது, ஆனால் வழக்கு முடிந்த பிறகு சாட்சியை அழைத்து உங்கள் பெர்மிட் எப்போது முடிகிறது என்று கேட்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இழப்பீடு கேட்பவருக்கு நாங்கள் இருக்கிறோம். கார்க்காரருக்குக் காப்புறுதி இருக்கிறது. நீதிமன்றத்தில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம். நடுவில் உடையாத காலோடு வந்து நின்றவருக்காக அந்த அறையில் ஒருவரும் இல்லை. இதை வழக்கறிஞரிடம் சொன்னபோது, "நீங்கள் பயமுறுத்தியிருந்தால் அவர் வந்திருக்கமாட்டார், நம் ஆளுக்கு நஷ்டம், அது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதமில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அப்புறம் நான் ஒன்றை மாற்றிக்கொண்டேன். சாட்சிக்கு வருகிறவர் பேனாவை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் அடிபட்டவருக்காக வேலை செய்கிறோம், உங்களுக்காக இல்லை. வேலையைப் பற்றிக் கவலை இருந்தால் சிராங்கூன் சாலையில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் கேட்டுவிட்டு வாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம். வழக்கறிஞருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. சிலர் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். சிலர் வருவதில்லை.

இப்போது ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. லாரியின் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்குத் தோளெலும்பு முறிவு. போலிஸ் ஆவணத்தில் அவர் பெயர் இல்லை. அவர் அந்த லாரியில்தான் இருந்தார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். அவர் வந்தார், நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், நன்றாகக் கேட்டுக்கொண்டார், யோசித்துவிட்டு வருகிறேன் அக்கா என்று போனார். அதன் பிறகு அழைத்தால் எடுப்பதில்லை. விபத்து நடந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், அந்தத் தேதி நெருங்குகிறது. அடிபட்டவரின் மனைவி ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைத்து, சாட்சி கிடைத்துவிட்டாரா என்று கேட்கிறார். வேறு எண்ணிலிருந்து ஒரு தடவை முயற்சி செய்யுங்கள், இந்தத் தடவை கொஞ்சம் தைரியம் சொல்லிப் பேசுங்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை அழைக்கப்போகிறேன். தைரியம் என்று எதைச் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.