ஊரைவிட்டு நகராத பியானோக்காரர்

பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் குடியிருந்த அதே சென்ட் கிளேயர் அவெனியூவில்தான் எனக்கு ரொறன்ரோவில் முதல் வேலை கிடைத்தது, ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவுக் காவல். அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வானொலி என்றால் செய்தியும் சினிமாப் பாட்டும், திருவிழா என்றால் தவிலும் நாதஸ்வரமும், பியானோ என்பது படங்களில் பணக்கார வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிற சாமான். கூட வேலை செய்த வயதான கனடியர் ஒருவர்தான் 110ஆம் இலக்கக் கட்டடத்தைக் காட்டி, அதன் உச்சி மாடியில் இருந்தவர் பகலில் படுத்து இரவு முழுக்க முழித்திருப்பார், சாமத்தில் கிட்டத்தில் இருந்த ‘ஃபிரான்ஸ்’ (Fran's) என்ற சாப்பாட்டுக் கடைக்குப் போய் முட்டை சாப்பிடுவார் என்றார். இரவு வேலைக்காரனுக்கு ஆளைப் பிடித்துப்போக அது போதும்.

அப்புறம்தான் நூலகத்தில் சீடி எடுத்துக் கேட்கத் தொடங்கினேன். கூல்ட் 1932இல் இதே ரொறன்ரோவில் பிறந்தவர். முதலில் தாய் சொல்லிக்கொடுத்தார், பத்து வயதிலிருந்து சிலி நாட்டுக்காரரான அல்பெர்ட்டோ கெரேரோ. 22 வயதில், 1955இல், நியூயோர்க்கில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்ற இசைப் படைப்பைப் பதிவு செய்தார், அடுத்த வருஷம் இசைத்தட்டு வெளிவந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1957இல் மொஸ்கோவிலும் லெனின்கிராட்டிலும் கச்சேரி. அந்தப் புகழோடு லண்டனிலோ நியூயோர்க்கிலோ போய்க் குடியிருந்திருக்கலாம். இவர் என்னடா என்றால் 1964 ஏப்ரல் 10ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் வாசித்ததோடு, 31 வயதில், மேடைக் கச்சேரியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். சபையைக் கண்டாலே பிடிக்காது, விமானத்தில் ஏறவும் பிடிக்காது. மிச்சக் காலம் முழுக்க ஸ்டூடியோவும் வானொலியும் தொலைபேசியும்தான், நண்பர்களோடு கதைக்கிறதுகூட நடுச்சாமத்தில் மணிக்கணக்காகத் தொலைபேசியில்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல்தான் வந்தது. நாங்கள் இருந்த ஊரில் இருக்க முடியாமல் வந்து பேஸ்மென்ட்டில் கிடக்கிறோம், இந்த மனுஷனோ எல்லா நாடும் கூப்பிட்டும் பிறந்த ஊரைவிட்டு நகர மாட்டேன் என்கிறார். பொறாமை என்றும் சொல்லலாம்.

எரிச்சல் போனது அவருடைய பியானோவால் இல்லை, ஒரு வானொலி நிகழ்ச்சியால். 1965இல் ரயிலில் ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கிற சர்ச்சில் வரை போய்வந்தார். கோடையிலும் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், கையுறை என்று திரிந்த, குளிருக்குப் பயந்த மனுஷன், வடக்கே! 1967 கடைசியில் கனடாவின் பொது வானொலியான சிபிசியில் ‘வடக்கு என்கிற எண்ணம்’ என்று ஒரு மணி நேர நிகழ்ச்சி செய்தார். வடக்கில் வாழ்ந்து பார்த்த ஒரு தாதி, ஒரு சமூகவியலாளர், ஒரு நில அளவையாளர் என்று ஐந்து பேர், அங்கே ஏன் போனோம், தனிமை தங்களை என்ன செய்தது என்று சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவது கிடையாது, பாக்கின் இசையில் சுரவரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரியே இரண்டு மூன்று குரல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அடியில் ரயில் சத்தத்தையும் சேர்த்துவிட்டார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் பலருக்கே ஒன்றும் விளங்கவில்லை என்று குறை. அரைகுறை ஆங்கிலத்தோடு கேட்ட எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பஸ்ஸிலும் கடையிலும் என் காதில் விழுந்த ஆங்கிலமே அப்படித்தான் இருந்தது, ஒரு குரலைப் பிடித்தால் மற்றது நழுவிவிடும், ஆனால் யார் கோபமாக இருக்கிறார், யாருக்கு வீட்டு ஞாபகம் என்பது மட்டும் எப்படியோ விளங்கும். இந்த ஊர்க்காரர்களுக்கும் இந்த நாடு பெரிசு, குளிர், தனிமை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வாசிக்கும்போது அவர் கூடவே முணுமுணுப்பார், தட்டுகளில் அது நன்றாகக் கேட்கும். விமர்சகர்கள் அதைப் பெரிய குற்றமாக எழுதியிருக்கிறார்கள், கச்சேரி கேட்டு வளர்ந்த எங்கள் காதுக்கு அது ஒரு விஷயமே இல்லை. 1981இல் அதே கோல்ட்பெர்க்கை மறுபடி பதிவு செய்தார், முன்பு 38 நிமிஷத்தில் ஓடியது இப்போது 51 நிமிஷம். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். 1982 ஒக்டோபரில் பக்கவாதம் வந்து இறந்தபோது வயது 50, சொத்தை சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு நிறுவனத்துக்கும் விலங்குகள் காப்பகத்துக்கும் எழுதிவைத்திருந்தார்.

இப்போது ஸ்காபரோவில் நமது பிள்ளைகள் மிருதங்கத்துக்கும் போகிறார்கள், பியானோவுக்கும் போகிறார்கள், கூல்ட் படித்த அதே ரோயல் கொன்சர்வேட்டரி என்ற இசைப் பள்ளியின் பரீட்சைகளை எழுதுகிறார்கள். அவர் அங்கே டிப்ளோமா பரீட்சையை 12 வயதிலேயே முடித்தவர் என்று மகளிடம் ஒருதரம் சொல்லிவிட்டேன். அவள் பதிலுக்கு யூடியூபில் அவர் குந்தியிருந்து வாசிக்கிற கதிரையைக் காட்டினாள், அவருடைய தகப்பன் அதன் கால்களை வெட்டிக் குறைத்துக்கொடுத்த மடக்குக் கதிரை, 14 அங்குல உயரம், இருக்கை பிய்ந்துபோன பிறகும் சட்டத்தில் குந்தியிருந்து வாசித்தார். தனக்கும் அப்படி ஒன்று வேண்டுமாம். ஆசிரியை முடியவே முடியாது என்கிறார், மகள் என்னைப் பார்க்கிறாள், வீட்டில் மரம் அறுக்கிற வாளும் இருக்கிறது.