மேப்பிங் வேலைக்கு லேப்டாப்: முதலில் பின்கோடு, பிறகு பிராசஸர்

மேப்பிங்குக்கு, அதாவது கணினியில் வரைபடம் உருவாக்கும் வேலைக்கு, லேப்டாப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குகிறார்கள். வாரண்டியிலிருந்து தொடங்குங்கள். ட்ரோன் படங்களைக் கொடுத்துவிட்டால் இரவெல்லாம் முழுச் சூட்டில் ஓடப்போகிற இயந்திரம் இது. மதர்போர்டோ விசிறியோ போகும் நாளில் உங்கள் ஊருக்கு ஆள் வருவாரா, நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி.

'கேரி-இன்' என்றால் சர்வீஸ் சென்டருக்கு நீங்கள் போக வேண்டும். 'ஆன்சைட், அடுத்த வேலைநாள்' என்றால் ஆள் வருவார். ஆனால் போன் செய்த மறுநாளே என்று அர்த்தமில்லை. போனில் சோதனைகள் செய்யச் சொல்லி, எந்த உதிரிபாகம் என்று முடிவான பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்கும். உதிரிபாகம் கையிருப்பில் இல்லாவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். சிற்றூர்களுக்கு ஆன்சைட் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். நிறுவனத்திடம் உங்கள் பின்கோட்டைக் கொடுத்து, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். கடைக்காரர் வாய்மொழி போதாது.

திங்க்பேட், எலைட்புக், லேட்டிட்யூட் (2025 முதல் டெல் புரோ) போன்ற அலுவலக வரிசைகளுக்கு 3 வருட ஆன்சைட் எளிதாகக் கிடைக்கும். பிரித்துப் பார்க்கும் கையேடும் நிறுவனத் தளத்திலேயே இருக்கும். அதே காசுக்கு கேமிங் லேப்டாப் அதிக வேகம் தரும், உண்மைதான். அதை வாங்கினால் நீட்டித்த ஆன்சைட் வாரண்டியின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகு ஒப்பிடுங்கள்.

3 வருட வாரண்டியிலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் 1 வருடம்தான். கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது, மின்னழுத்தம் எகிறிக் கருகியது எதுவும் சாதாரண வாரண்டியில் வராது. களத்துக்கு எடுத்துப்போகிறவர்கள் விபத்துச் சேதப் பாதுகாப்பை வாங்கும்போதே சேர்த்துவிடுவது நல்லது. அரசு நில அளவைத் தரவு வைத்திருப்பவர்கள், பழுதான டிஸ்க்கைத் திருப்பித் தராமல் தாங்களே வைத்துக்கொள்ளும் திட்டம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

இனி உள்ளே இருப்பது. ரேம்தான் முதலில் தீரும். ட்ரோன் படங்களை இணைத்து வரைபடமாக்கும் மென்பொருளான ஓப்பன்ட்ரோன்மேப்பின் சொந்தக் கணக்குப்படி 250 படங்களுக்கு 16 ஜிபி, 500 படங்களுக்கு 32 ஜிபி, 1500 படங்களுக்கு 64 ஜிபி. பற்றாவிட்டால் பல மணி நேரம் ஓடிய பிறகு பாதியில் நின்றுவிடும். ஆகவே ரேம் போர்டோடு சால்டர் செய்த மாடலைத் தவிருங்கள். 2 ஸ்லாட் இருந்தால் இன்று 32, பிறகு 64. கூடுதல் ரேம் போட்டாலும் பழையதை எறியாதீர்கள், சர்வீசுக்குக் கொடுக்கும்போது திரும்பப் பொருத்த வேண்டியிருக்கும்.

பிராசஸரில் ஐ7 என்ற பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஐ7-1355யூவில் வேகக் கோர்கள் (கனமான வேலையைச் செய்யும் பகுதிகள்) 2, ஐ5-13500எச்சில் 4. நீண்ட நேர வேலையில் பின்னதுதான் முந்தும். கிராபிக்ஸிலும் இதே கதை: ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம்; வாட் குறைந்தால் வேகமும் குறையும். விவரத்தாளில் வாட் போடாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ட்ரோன் படங்களை இணைக்கும் இன்னொரு மென்பொருளான மெட்டாஷேப்புக்கு கிராபிக்ஸ் கார்டு பெரிதாக உதவும். வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் மட்டும் என்றால் இந்தக் காசை ரேமுக்கும் 1 டிபி எஸ்எஸ்டிக்கும் மாற்றலாம். இன்னொரு வரைபட மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் புரோ விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் அது தேவைப்படுவோர்க்கு மேக் சரிவராது.

பெட்டி வந்த அன்றே சீரியல் நம்பரை நிறுவனத் தளத்தில் போட்டு வாரண்டி முடியும் தேதியைப் பாருங்கள். கடையில் கிடந்த மாதங்கள் அதில் கழிந்திருக்கலாம்; பில்லை அனுப்பினால் திருத்துவார்கள். பில்லில் அதே சீரியல் நம்பர் இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு பெரிய ட்ரோன் தொகுப்பை ஓட்டிச் சூட்டைச் சோதியுங்கள். மாற்றித் தரும் கெடு பல கடைகளில் சில நாள்தான்.

வாரண்டியை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருள் இந்தச் சட்டத்தில் வராது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியது வரும். தனியாகத் தொழில் செய்பவர்கள் பில்லைத் தங்கள் பெயரில் போடுவதா, நிறுவனத்தின் பெயரில் போடுவதா என்பதை ஜிஎஸ்டி கழிவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் இதையும் சேர்த்து யோசியுங்கள்.