தலை ஓபர்ன்டார்ஃபில், உடல் வாக்ரைனில்

“ஒப்பில்லாத் திரு இரா” பாடாவிட்டால் கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை நமக்கு முடிந்த கணக்கில்லை. அந்தப் பாட்டு பிறந்த இடத்தில் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டு ஆஸ்திரியா போகிறவர்கள் டிசம்பர் 24-ஐத்தான் பிடிக்கிறார்கள். கஷ்டமும் அங்கேதான் ஆரம்பம்.

சால்ஸ்பர்க் பெரிய ஸ்டேஷனில் லோக்கல் ரயில் தரைக்கு அடியிலிருந்து புறப்படும். மேலே பிளாட்பாரங்களில் தேட வேண்டாம். அரை மணிக்குள் பாட்டு பிறந்த ஓபர்ன்டார்ஃப். சால்சாக் ஆற்றுப் பக்கம் கால் மணி நடை. மாலை 5 மணிக்கு அந்தப் பாட்டின் நினைவாக எழுந்த சிற்றாலயத்துக்கு வெளியே நினைவு வழிபாடு. உள்ளே இருபது பேர் நின்றாலே நெரிசல், வெளியே ஆயிரக்கணக்கில் ஜனம். பிந்தி வந்தால் முன்னால் நிற்பவரின் குல்லாய்தான் காட்சி. பாட்டை எடுத்ததும் எல்லார் கையும் செல்போனோடு உயரும். வாய் திறந்து பாடுகிறவர்களைத் தேட வேண்டும்! ஆற்றங்கரைக் குளிர் பாதத்தில்தான் முதலில் ஏறும்: கம்பளிக் காலுறை இரண்டு, தடித்த அடி உள்ள ஷூ. அன்று மதியத்தோடு கடைகள் அடைத்துவிடும். ரொட்டியும் பிளாஸ்க்கில் டீயும் கையில் இருக்கட்டும். திரும்பும் ரயிலை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நேர்ச்சையில் தேதி சொல்லவில்லை என்றால் ஜனவரியில் ஏதாவது ஒரு சாதாரண நாள் உத்தமம்.

பாட்டு முதலில் ஒலித்த புனித நிக்கோலாஸ் கோவில் இப்போது இல்லை. வெள்ளத்தில் அடிபட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் எழுந்த சிற்றாலயம் மந்திரிக்கப்பட்டது 1937-இல். உள்ளே போனால் எல்லாரும் வண்ணக் கண்ணாடியில் இருக்கும், பாட்டை எழுதிய குரு ஜோசப் மோரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆள் இருப்பது சுவரில். அவருக்கு அசல் உருவப்படம் கிடையாது. சிலை வடிக்க முக அமைப்பு வேண்டும் என்று 1912-இல் வாக்ரைன் ஊரில் இருந்த அவர் கல்லறையைத் தோண்டி மண்டையோட்டை எடுத்தார்கள். அது கல்லறைக்குத் திரும்பவே இல்லை, இந்தச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். ஒரு சாண் காரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பாட்டை நினைத்த தலை. அங்கே முழங்காலில் நின்றால் வேண்டிக்கொள்ள வந்ததெல்லாம் மறந்துபோகும், நன்றி மட்டும்தான் வரும்.

மோர் 1792-இல் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா படையை விட்டு ஓடிய சிப்பாய், அம்மா பின்னல் வேலைக்காரி, கல்யாணம் இல்லை. ஞானத்தந்தையாகப் பெயர் கொடுத்தவர் ஊரில் மரண தண்டனையை நிறைவேற்றுகிறவர்! அப்படிப் பிறந்த பிள்ளை குருவாக வேண்டுமென்றால் திருச்சபையின் தனி அனுமதி வேண்டும். பேராலயப் பாடகர் குழுவில் இருந்த ஒரு குரு பையனைப் படிக்க வைத்தார். 1816-இல் மரியாப்ஃபார் ஊரில் எழுதிய ஆறு சரணத்தை, 1818 டிசம்பர் 24 அன்று பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபரிடம் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கித்தாருக்கும் மெட்டுக் கேட்டார். அன்று ராத்திரியே பாடியாயிற்று: மோர் மேல்குரலும் கித்தாரும், குரூபர் கீழ்க்குரல். எலி ஆர்கனைக் கடித்ததால்தான் கித்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 1854-இல் குரூபரே எழுதிவைத்த விவரத்தில் எலியும் இல்லை, ஆர்கன் பழுதும் இல்லை.

அங்கே பாடும்போது இழுக்க வேண்டாம். இது 6/8 தாளம், தொட்டில் ஆட்டுகிற நடை, இழுத்தால் ஒப்பாரியாகிவிடும். உலகம் பாடுவது ஒன்று, இரண்டு, ஆறாம் சரணங்களை. விட்டுப்போன நான்காவதில், இயேசு சகோதரனாக உலக மக்கள் எல்லாரையும் அணைத்துக்கொள்கிறார். நெப்போலியன் போர்கள் ஓய்ந்த மறு வருஷம் எழுதியது. அதை விடாமல் பாடுங்கள்.

ஓபர்ன்டார்ஃபோடு திரும்பினால் நேர்ச்சை பாதிதான். மோரின் கித்தார் ஹாலைன் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, குரூபர் கல்லறையும் அங்கேதான். சாங்க்ட் யோகான் வரை ரயில், பிறகு பஸ் பிடித்தால் வாக்ரைன். 1848-இல் இறக்கும்வரை மோர் பங்குக் குருவாக இருந்த ஊர். அவர் முயற்சியில் பள்ளிக்கூடமும் வந்தது. கல்லறையில் தலை இல்லாத உடல். மலைக்காற்றில் திறந்த மெழுகுதிரி நிற்காது. மூடி போட்ட கண்ணாடிக் கூட்டில் வைத்த திரியை வழியிலேயே வாங்கிப் போங்கள். தீப்பெட்டியை மறக்க வேண்டாம்.