பாகம் பிரிந்தும் இடிபடாத எல்ட்ஸ் கோட்டை

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை என்றால், பழைய வீடு இடிபட்டு ஃபிளாட் எழும்புவதில்தான் பெரும்பாலும் போய் முடிகிறது. ஜெர்மனியில் மோசல் ஆற்றுக்கு அருகே, காட்டுக்குள் இருக்கும் எல்ட்ஸ் கோட்டையையும் 1268-க்கு முன்பே மூன்று சகோதரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கோட்டை இன்றும் முழுசாக நிற்கிறது, அதே வம்சத்தின் சொத்தாக.

1157-ல் பேரரசர் ஃபிரெட்ரிக் பார்பரோசா வழங்கிய சாசனத்தில் ருடால்ஃப் ஃபான் எல்ட்ஸ் என்பவர் சாட்சி. குடும்பத்தின் பெயர் எழுத்தில் வருவது அங்கிருந்துதான். சுமார் 70 மீட்டர் உயரப் பாறை. மூன்று பக்கமும் எல்ட்ஸ் ஓடை.

பாகம் எப்படிப் பிரிந்தது என்பதுதான் இதில் முக்கியம். ரூபெனாக், ரோடன்டார்ஃப், கெம்பெனிக் என்ற மூன்று கிளைகளும் ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடு கட்டிக்கொண்டன. மதிலும் வாசலும் பொது. கோட்டை முழுவதற்கும் தண்ணீர் கொடுத்த கிணறு கெம்பெனிக் வீட்டுக்குக் கீழே இருந்தாலும் அதுவும் பொதுதான். மதிலுக்குள் பங்காளிகள் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கக் கூடாது என்று எழுத்துபூர்வமான உடன்படிக்கையும் உண்டு. பாறையில் அகலமாகக் கட்ட இடமில்லை, அதனால் வீடுகள் எட்டு மாடி வரை மேலே போயின.

ரூபெனாக் வீட்டுப் படுக்கையறையைக் கவனித்துப் பாருங்கள். சுவரிலிருந்து ஒரு சின்ன மாடம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது வழிபாட்டு இடம். பலிபீடத்துக்கு மேலே யாரும் குடியிருக்கக் கூடாது என்பது அக்காலக் கிறிஸ்தவத் திருச்சபை விதி. மேல்மாடி அறை தலைக்கு மேல் வராதபடி, பலிபீடத்தையே சுவருக்கு வெளியே தள்ளிக் கட்டிவிட்டார்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்தால் அதன் வெளிப்புறம் தெரியும்.

ஆபத்துகளும் வந்தன. 1331-ல் டிரியர் பேராயர் பால்ட்வின், எதிர்மேட்டில் டிரட்ஸெல்ட்ஸ் என்ற முற்றுகைக் கோட்டையைக் கட்டி அங்கிருந்து கல் எறிந்தார். 1336-ல் எல்ட்ஸ் குடும்பம் பணிந்தது. சுதந்திரம் போனாலும் கட்டடம் பிழைத்தது. 1688-ல் தொடங்கிய போரில் பிரெஞ்சுப் படை ரைன் பகுதிக் கோட்டைகளை வரிசையாகத் தகர்த்தபோது, அந்தப் படையிலேயே அதிகாரியாக இருந்த ஹான்ஸ் அன்டன் என்ற குடும்பத்து ஆள் இதைக் காப்பாற்றினார். ரோடன்டார்ஃப் கிளை வாரிசின்றிப் போனது. 1815-ல் ரூபெனாக் பங்கையும் விலைக்கு வாங்கி கெம்பெனிக் கிளை முழு உரிமையாளரானது. என்னைக் கேட்டால், இந்த வீட்டின் பெரிய எதிரி பீரங்கி இல்லை, கூரைதான். ஒரு ஸ்லேட் ஓடு நழுவினால் போதும், மழைநீர் மரச்சட்டத்தின் முனைக்கு இறங்கி உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே தெரியும்போது சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். 1845 முதல் 1888 வரை கார்ல் பிரபு பொறுமையாகப் புதுப்பித்தார். 1920-ல் தீ விபத்து ஒன்று, அதற்குப் பின் பல வருட வேலை. பராமரிப்பு இன்னும் ஓயவில்லை.

சென்னையிலிருந்து போகிறவர்கள் பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, ரயிலில் கோப்லென்ஸ் வழியாக மோசல்கெர்ன் போக வேண்டும். அங்கிருந்து ஓடைக்கரையோரம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடை, கடைசியில் ஏற்றம். குளிர்காலத்தில் கோட்டையை மூடிவிடுவார்கள். உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், படம் எடுக்க அனுமதி இல்லை.